கேசரி கேசரி கேசரி காப்பி

"கேசரி கேசரி கேசரி காப்பி... கேசரி கேசரி கேசரி காப்பி... அக்கா, பிரேக்க தொடாதீங்க, அது அங்கேயே தான் இருக்கும், எங்கேயும் ஓடிப் போகாது. ரோட்ட பாருங்க. கேசரி கேசரி..."

காதருகே இந்தச் சிற்றுண்டிப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்க, நான் மைசூர் விஜயநகர் நான்காவது ஸ்டேஜின் அகலமான தெரு ஒன்றில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது என் ஆசை. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ரெபேக்கா என் இரண்டு பக்கமும் கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுகிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு, எதிரே வரும் நாய், பால்காரர், நடைப்பயிற்சிப் பெரியவர் எல்லோரிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

ரெபேக்கா ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கைகள் ஹேண்டில்பாரை எட்ட வேண்டுமானால் முகவாயை என் தோளில் அழுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் அவர் போடும் அதட்டல் எல்லாம் நேராக என் காதுக்குள் போய் இறங்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. தலையில் பட்டை மாட்டாத ஹெல்மெட். எனக்குப் பட்டை மாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார், தனக்கு மாட்டிக்கொள்ள மாட்டார். கேட்டால், "நான் பின்னாடி தானே உக்காந்திருக்கேன், முன்னாடி விழறது நீங்க அல்வா" என்பார். 'அல்வா' என்பது 'இல்லையா' என்று கன்னடத்தில் கேட்பது. மைசூர்த் தமிழர் வாயில் அது பாதி வாக்கியங்களுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கையாவது எப்போதாவது ஹேண்டில்பாரிலிருந்து விலகும். காலை மட்டும் அவர் ஃபுட்ரெஸ்டில் வைக்கவே மாட்டார். இரண்டு செருப்புகளும் சர்ர்ர் என்று ரோட்டை உரசிக்கொண்டே வரும். வண்டி சாய்ந்தால் ஊன்றித் தாங்குவதற்காக. செருப்பு தேய்ந்து தேய்ந்து, ஓரம் ஒருபக்கமாகக் காகிதம் போல ஆகிவிட்டிருக்கும். என்றைக்கு அந்தச் சத்தம் நின்றுபோகிறதோ அன்றைக்கு நீங்கள் பாஸ். அவர் அதை வாயால் சொல்ல மாட்டார். கால் மேலே ஏறிவிடும், சத்தம் நின்றுவிடும், கொஞ்ச தூரம் போன பிறகுதான் நீங்களே கவனிப்பீர்கள் என்று அவரிடம் கற்ற பெண்கள் எல்லோரும் என்னிடம் கண்கள் விரியச் சொல்லியிருக்கிறார்கள். என் விஷயத்தில் அந்தச் சத்தம் இன்னும் ஜோராகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்து லேஅவுட்டுகளில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களில் பாதிப் பேராவது ரெபேக்காவின் கைக்குள் அடங்கி வந்தவர்கள்தான். பென்ஷன் வாங்கும் ஆசிரியைகள், மருமகளின் வண்டியைத் தெரியாமல் எடுத்துவரும் மாமியார்கள், ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுத் தவறவிட்டு அலுத்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஒரே அதட்டல்தான். அறுபதை நெருங்கும் என்னை, "இந்த வயசுல எதுக்கும்மா, ஆட்டோல போயேன்" என்றான் என் பிள்ளை. அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சேர்ந்தே இருக்க மாட்டேன்.

முதல் வாரம் அந்தக் கேசரியைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம், "காலையில டிபன் சாப்பிடாம வர்றீங்களா?" என்று கேட்டேவிட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கி என் முன்னால் வந்து நின்று கை தட்டிக் காட்டினார்.

"கே-ச-ரி மூணு. அது மூணு வாட்டி. காப்-பி ரெண்டு. மொத்தம் பதினொண்ணு. எல்லாரும் பன்னெண்டு வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. வராது! மாடிப்படி எறங்கறப்போ இன்னொரு படி இருக்குன்னு கால வெப்பீங்க, இருக்காது, வயித்துல ஒரு ஜில்லுனு வரும் பாருங்க. அது தான் என் பாட்டு."

"என்ன பாட்டு?"

"ஜாஸ் அக்கா. ஆல்பம் பண்றேன். எட்டுப் பாட்டு. ஒண்ணு கூட எல்லாரும் போடற நாலுக்கு நாலு தாளம் இல்ல." பெருமையில் கிராம்பைக் கடித்துவிட்டார்.

ஜாஸ் என்றால் ஆளாளுக்கு இஷ்டப்படி வாசிப்பதுதானே என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க என்னோடு அவர் பேசவில்லை. பேசாமல் எப்படி வண்டி கற்றுக்கொடுத்தார் என்று நினைக்காதீர்கள், முதுகில் தட்டித் தட்டியே கற்றுக்கொடுத்தார். இடது தோளில் தட்டினால் இடது, வலதில் தட்டினால் வலது, நடு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தால் பிரேக்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கைகள் சர்ச் கொயரை நடத்துகின்றன. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்த வேலை அவருடையது. பியானோவும் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசிப்பதும் அங்கே வந்தவை. ஜாஸ் வந்த வழி வேறு. மைசூருக்கு யோகா படிக்க வந்து அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு பை நிறைய சிடிக்களை விட்டுப் போனாள். கல்யாணமான புதிது, சும்மா ஒன்றை எடுத்துப் போட்டார் ரெபேக்கா. பாட்டு ஒவ்வொரு அடியிலும் ஒரு துண்டை விழுங்கிவிட்டுக் குதித்தது. பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மிஷின் நல்லாத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணியிருக்கிறார். ஏழு!

"அன்னிக்கு எனக்கு பைத்தியம் பிடிச்சுது அக்கா. ஏழுல கூட ஒரு மனுஷன் நடக்கலாம்னு யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே!"

அதற்குப் பிறகு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் வந்துவிட்டது. விஜயநகர் வாட்டர் டேங்க் பக்கத்து வேகத்தடைகள் ஐந்து. எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும் சத்தம் ஏழு. புதிதாக வந்திருக்கும் பாதிரியாரின் பிரசங்கம் நாலுக்கு நாலு, "அதனால தான் எல்லாரும் தூங்கறாங்க". டேவிஸின் குறட்டையும் ஐந்து என்றார். டேவிஸ் என்பவர் அவருடைய கணவர், ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "மூணாவது பாட்டு அவர் குறட்டைல தான் வந்துச்சு. டூயட் எழுதினேன்னு வெச்சுக்கங்க."

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சீட்டுக்கடியிலிருந்து மழைக்கோட்டு, ஸ்பானர், ஸ்வரம் எழுதிய தாள்கட்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, அடியில் கிடந்த இயர்ஃபோனை எடுத்து என் காதில் ஒன்றும் தன் காதில் ஒன்றுமாகச் செருகினார். ஒரு ட்ரம்பெட் மெல்லக் கூப்பிட்டது. அதன் அடியில் பியானோ நொண்டி விளையாட்டுப் போல் தாவித் தாவிப் போனது. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நானும் கூடத் தாவினேன், தவறினேன், மறுபடி பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ரெபேக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆய்து!" என்றார். முடிந்தது என்று பொருள். ஸ்டாண்டு போட்டாலும், கொயர் பாடி முடித்தாலும், எதிராளியின் மனம் மாறிவிட்டாலும் அந்த ஒரே சொல்தான்.

ஏழு பாட்டுகள் சின்னக் குழுவோடு பதிவாகிவிட்டன. எட்டாவதுதான் இந்தக் கேசரிப் பாட்டு. அதற்கு அவர் ஆர்கெஸ்ட்ராவே எழுதியிருந்தார். கொயரின் வயலின்காரர்கள், இரண்டு செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட், ஆளுயர டபுள் பாஸ், கல்யாண பேண்டு வாசிப்பவர்களின் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து இருபது பேருக்கு மேல். ஆளாளுக்குத் தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஒட்டிவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

"ஒட்டுனா அது ஆர்கெஸ்ட்ரா இல்ல, மிக்சர் பாக்கெட். எல்லாரும் ஒரே ரூம்ல மூச்சு விடணும். இந்தப் பாட்டு இல்லாட்டி ஆல்பமே வேணாம் போங்க."

இருபது பேருக்கும் ஒரே நாள் ஓய்வு கிடைக்க வேண்டுமே! ஞாயிறு சர்ச். மற்ற நாட்களில் முகூர்த்தம் இருந்தால் பேண்டுக்காரர்கள் வர மாட்டார்கள். கடைசியில் ஆஷாடம் கைகொடுத்தது. நமக்கு ஆடி எப்படியோ அப்படி மைசூர்க்காரர்களுக்கு ஆஷாடம், கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த மாதத்தின் கடைசி புதன்கிழமை கிடைத்தது. அதை விட்டால் கதை முடிந்தது. சிராவணம் பிறந்ததும் பேண்டு ஒரு ஊர் பாக்கி இல்லாமல் அலையும். முதல் வயலின் வாசிக்கும் ஜூலி, ஒரு தனியார் மருத்துவமனை நர்ஸ், அந்தச் சனிக்கிழமையே ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். பெங்களூரிலிருந்து மைக்குகளோடு வரும் மனோஜ்குமாருக்கும் அந்த ஒரு நாள்தான் முடியும். இடம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடி ஹால். அதுவும் சாயங்காலம் வரைதான். ஏதோ ஒரு பிறந்தநாளுக்குப் பந்தல்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"நீங்களும் வாங்க அக்கா, கதவு பாத்துக்க ஆள் வேணும்" என்றார். ஆயுளில் எனக்குக் கிடைத்த சங்கீத வாய்ப்பு அதுதான்.

போனபோது ஹாலில் ஒரே கலவரம். பேண்டு மாஸ்டர் ஏசுதாஸ், ட்ரம்பெட்காரர், பழக்க தோஷத்தில் தங்கப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டிலேயே வந்திருந்தார். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் பொத்தான்கள் கிணுகிணு என்றன. மனோஜ்குமார் கையெடுத்துக் கும்பிட்டுக் கோட்டைக் கழற்ற வைத்தார். செருப்புகள் எல்லாம் வெளியே. மின்விசிறிகள் அணைந்தன. டேவிஸ் லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கேசரியும் இரண்டு டிரம் காப்பியும் இறக்கினார். அதைப் பார்த்ததும் வயலின் பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதி வியர்வை போய்விட்டது.

ட்ரம்ஸில் உமேஷ். கொள்ளேகாலத்துப் பையன் என்று ரெபேக்கா சொல்வார், ஆனால் 'பையனுக்கு' இரண்டு பிள்ளைகள், ஹெப்பாள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பேண்டுக்காரர்கள் உட்பட வாசிக்க வந்த மற்ற எல்லோரும் ரெபேக்காவின் சர்ச்சுக்கு வருகிறவர்கள், அந்த வாசலே மிதிக்காத ஒரே ஆள் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெபேக்கா எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் தூக்கினார். என்னை அதட்டும் கைகள்தானா இவை என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. செல்லோக்கள் அடியில் முணுமுணுக்க ஆரம்பித்தன. கேசரி கேசரி கேசரி காப்பி. வயலின்கள் அதன் மேல் வேறொரு நீளமான வாக்கியத்தைப் போட்டன. அது எங்கோ போய்ச் சுற்றிவிட்டு, அடி குறைகிற இடத்தில் மிகச் சரியாக வந்து இறங்கியது. பித்தளை வாத்தியங்கள் அதுவரை சும்மா இருந்துவிட்டு ஒரே நேரத்தில் எழுந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நடுவில் ஏசுதாஸ் தனியாக எழுந்து வாசித்தார். அது எழுதியது இல்லை, அவர் இஷ்டம். மாப்பிள்ளை கார் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ஊர்வலத்தை இழுத்துப் பிடிப்பதற்காக வருடக்கணக்காக ஒரே பாட்டை விதவிதமாக வாசித்துப் பழகியவர். இழுத்தார், விட்டார், கொஞ்சினார், வம்புக்கு இழுத்தார். கதவில் கை வைத்துக்கொண்டு நான் மூச்சுவிட மறந்து நின்றேன்.

கடைசிப் பக்கம் வந்தது. அங்கேதான் வேகம் குறையவே கூடாது. அப்படியே ஓடிப் போய்ச் சுவரில் மோதினாற்போல் நிற்க வேண்டும், அதுதான் அந்தப் பாட்டின் உயிர் என்று ரெபேக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். ஓடினார்கள். கடைசி வரிக்கு வந்ததும், என்ன ஆயிற்றோ, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பக்தியோடு மெதுவாகிவிட்டது. கேசரி நீண்டது. காப்பி இன்னும் நீண்டது. உமேஷ் ஒருவர் மட்டும் அதே வேகத்தில் போய், டம்மென்று முடித்துவிட்டு, தனியாக நின்று திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் அப்போதுதான் நிதானமாக வந்து சேர்ந்தார்கள்.

"நான் கரெக்டாத் தானுங்கக்கா வந்தேன். நீங்கெல்லாம் எங்கீங்க போயிட்டீங்க?" என்றார் உமேஷ்.

"ஆமென் பாடிட்டீங்க எல்லாரும்!" என்று கத்தினார் ரெபேக்கா. "இது ஞானப்பாட்டா? கடைசி லைன்ல ஸ்லோ ஆகறதுக்கு?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடி வாசித்தார்கள். மறுபடி ஆமென். தாளின் அடியில் ஆளாளுக்குப் பென்சிலால் 'ஓடு' என்று எழுதிக்கொண்டார்கள். மறுபடியும் ஆமென். வயலின்காரர்கள் பேண்டுக்காரர்களைப் பார்த்தார்கள், பேண்டுக்காரர்கள் வயலின்காரர்களைப் பார்த்தார்கள், எல்லோரும் சேர்ந்து உமேஷை முறைத்தார்கள். டேவிஸ் வந்து காப்பி கொடுத்தார். முதல் பாதி ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகத்தான் வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏசுதாஸின் உதடு வீங்க ஆரம்பித்திருந்தது.

அடுத்த முறையும் கவிழ்ந்ததும், ஜூலி வயலின் வில்லை மடியில் வைத்தாள். சின்னக் குரல் அவளுக்கு. பதற்றம் வந்தால் தமிழ் நழுவிக் கன்னடம் வந்துவிடும்.

"ஆண்ட்டி... ஸாரி. நீவே ஸ்லோ மாட்தித்தீரா."

நீங்களேதான் மெதுவாக்குகிறீர்கள் என்கிறாள். ரெபேக்காவின் முகம் சிவந்தது. ஜூலி பயந்துகொண்டே தன் இடது கையை எடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு குழந்தையைத் தூக்குவது போல மெல்ல உயர்த்திக் காட்டினாள். பார்த்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் 'ஆ!' என்றார்கள். ஞாயிறு தவறாமல் அவர்கள் பார்த்துவந்த கை அது.

"ஆமாம்மா," என்றார் ஏசுதாஸ், உதட்டைத் தடவிக்கொண்டு. "அந்தக் கை வந்தா ஆமென் வரணும். நாங்க எப்பவும் அப்படித் தானே பழகியிருக்கோம்? மூளை ஓடுன்னு சொல்லுது, கைய பாத்தா மூச்சு தானா நீளுதும்மா."

ரெபேக்கா தன் இடது கையை அடுத்தவர் கையைப் பார்ப்பது போல் பார்த்தார். அதைக் குர்தா பாக்கெட்டுக்குள் திணித்தார். "பேகா, பேகா, இன்னொரு வாட்டி" என்று விரட்டினார். வாசித்தார்கள். கடைசி வரியில் கை வெளியே வரவில்லை. ஆனால் தோள் மெல்ல உயர்ந்தது. முகவாய் கூட உயர்ந்தது. கதவருகில் நின்ற எனக்கே தெரிந்தது. ஆமென்.

கீழே லாரி வந்து நின்றது. இரும்புச் சட்டங்களை இறக்கும் சத்தம். டேவிஸ் மிச்சக் கேசரியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பந்தல்காரர்களோடு அவருடைய வாழ்நாளின் மிக நீண்ட உரையாடலை அன்றுதான் நடத்தினார் என்று நினைக்கிறேன். "ஒந்தே டேக், மேடம்" என்று ஒரு விரலைக் காட்டினார் மனோஜ்குமார். இன்னும் ஒரே ஒரு தடவை.

ரெபேக்கா ஒரு மடக்கு இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார். அவர் அதட்டாமல் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு தம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"எட்டாவது பாட்டு இல்லாமயே..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்க அக்கா." கிராம்பு வாசனை அடித்தது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க வண்டில நான் எங்க உக்காருவேன்?"

"பின்னாடி."

"பின்னாடி உக்காந்து என்ன பண்ணுவேன்?"

"கத்துவீங்க."

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து, நாற்காலியை மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு, வயலின்களைத் தாண்டி, பேண்டுக்காரர்களைத் தாண்டி, உமேஷையும் தாண்டி, கடைசியில் பாஸ் வாசிப்பவருக்குப் பின்னால், என் கதவுக்குப் பக்கத்தில் வந்து விரித்துப் போட்டார். எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"ரெபேக்காம்மா, நீங்க அங்க உக்காந்தா நாங்க யார பாத்து வாசிக்கறது?" ஏசுதாஸின் குரலில் நிஜமான பயம் இருந்தது.

"என்ன எதுக்கு பாக்கறீங்க, நான் என்ன சிக்னலா? ரோட்ட பாருங்க."

"எந்த ரோடும்மா?"

"பக்கத்துல இருக்கறவங்கள கேளுங்க. ஜூலி மூச்சு விடறது கேக்குதா? உமேஷ் அடிக்கறது கேக்குதா? அது தான் ரோடு. திரும்பினீங்கன்னா முதுகுலயே ஒண்ணு வெப்பேன்."

அந்த அடி எப்படி இருக்கும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கதவைச் சாத்தினேன். உமேஷ் இரண்டு குச்சிகளையும் தட்டிக்கொண்டு சன்னமாக, "கேசரி கேசரி கேசரி காப்பி" என்றார். செல்லோக்கள் ஆரம்பித்தன. முன்னால் ஆள் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் எல்லோருடைய கண்ணும் போய்ப் போய்த் திரும்பியது, பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போல. பிறகு போகவில்லை. ஜூலி பக்கத்து வயலினின் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். புல்லாங்குழல்காரர் கண்ணையே மூடிவிட்டார். ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்ததும் சத்தம் கூட வேறு மாதிரி ஆயிற்று, நெருக்கமாக, சூடாக. ஏசுதாஸ் வீங்கிய உதட்டோடு எழுந்து நின்று வாசித்தது முந்தைய எந்தத் தடவையும் வாசிக்காதது. ஒரு இடத்தில் அவர் வேண்டுமென்றே நிறுத்தினார், உமேஷ் அந்த இடைவெளியில் சின்னதாக ஒரு பதில் சொன்னார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ரெபேக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெறும் பாதங்கள் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார். விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. சாய்ந்தால் தாங்குவதற்கு அப்படித்தான் உட்கார்வார். இந்தத் தடவை எப்படித் தாங்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை, எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பக்கம். தாள்கள் ஒன்றாகத் திரும்பின. ஓடினார்கள். நான் கதவுப்பிடியை இறுகப் பிடித்தேன். மெதுவாக்காதீர்கள், மெதுவாக்காதீர்கள் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரி. ஏசுதாஸின் தலை ஒரு கணம் தூக்கிப் பார்த்தது. முன்னால் வெறும் சுவர். குனிந்து, ஓடினார். கேசரி. வயலின்கள் ஓடின. கேசரி. பித்தளை வாத்தியங்கள் ஓடின. கேசரி. எல்லோரும், உமேஷும் எல்லோரும், ஒரே காலால் கடைசிப் படியை மிதித்து, இல்லாத படியில் நின்றார்கள்.

அதிர்வு அடங்கும் வரை யாரும் அசையக் கூடாது என்று மனோஜ்குமார் காலையிலேயே சொல்லியிருந்தார். யாரும் அசையவில்லை. ஆர்ப்பாட்டம், அழுகை, ஏசுதாஸ் உமேஷைத் தூக்கிக்கொண்டு சுற்றியது எல்லாம் பிறகு நடந்தது. இப்போது ஹாலில் ட்ரம்ஸ் தட்டின் ஒலி மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டினேன்.

ரெபேக்காவின் இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும்பி, நாற்காலியின் குறுக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்திருந்தன.